பின் கதவுக் கண்ணாடியில் சிக்கிய பிஞ்சு விரல்கள்: யார் மீது வழக்குத் தொடுப்பது?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். அவருக்கு 33 வயது, பள்ளி ஆசிரியை. 14 மாதங்களுக்கு முன் கணவர் பெயரில் 9 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்குப் புதிய கார் வாங்கினார்கள். அந்தக் குடும்பத்துக்கு அதுதான் முதல் கார். சென்ற மாதம் கொடுமுடிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. காரை ஓட்டிய கொழுந்தனார், தன் பக்கக் கதவிலிருந்த சுவிட்சுகளைச் சேர்த்து இழுத்துப் பிடித்து எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றினார். பின்சீட்டில் மண்டியிட்டு, மழைத்துளியைப் பிடிக்கக் கையை வெளியே நீட்டியிருந்த நான்கு வயது மகளின் இடது கை விரல்கள், ஏறிய கண்ணாடிக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. அலறல் கேட்டுப் பதறிய கொழுந்தனார் முதலில் இறக்கியது எதிர்ப்பக்கக் கண்ணாடியை. சரியான சுவிட்சைக் கண்டுபிடிப்பதற்குள் குழந்தையின் இரண்டு விரல்களில் எலும்பு விரிசல் கண்டுவிட்டது.

"ஷோரூமில் விற்பனைப் பையன் தன் கையையே ஜன்னலில் வைத்துக் காட்டினான். கண்ணாடி கையில் பட்டதும் தானாக இறங்கியது. 'குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதுதான் சரியான வண்டி' என்று சொல்லித்தான் விற்றான். இப்போது போய்க் கேட்டால், அந்த வசதி டிரைவர் பக்கத்துக்கு மட்டும்தான், பிரவுச்சரிலேயே இருக்கிறது என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். கார் நிறுவனத்தின் மீது வழக்குப் போட வேண்டும் என்று கணவர் நிற்கிறார். பின்சீட்டில் கூடவே உட்கார்ந்துகொண்டு குழந்தையைப் பார்க்கவில்லையே என்பது மாமியாரின் வார்த்தை. கொழுந்தனார் அன்றிலிருந்து கார்ச் சாவியைத் தொடுவதில்லை, யாருடனும் சரியாகப் பேசுவதுமில்லை. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதிந்துவிட்டதால் அவர் மேல் போலீஸ் வழக்கு வருமோ என்ற பயம் வேறு. சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்பு சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்றினார்கள், அதனால்தான் பின் கண்ணாடியின் பாதுகாப்பு வேலை செய்யாமல் போயிருக்குமோ என்றும் சந்தேகப்படுகிறார். பின் கண்ணாடிகளுக்கும் அந்த வசதியை வெளியில் பொருத்திக்கொள்ளலாமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளின் கையில் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் எலும்பு நன்றாகவே கூடும் என்றாலும், கட்டுப் பிரித்த பிறகு விரல்களை மடக்கி நீட்டச் சிரமம் ஏதும் இருக்கிறதா என்பதை எலும்பு மருத்துவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்கும் அது வேண்டும், பின்னால் வழக்குக்கும் அது வேண்டும்.

நான் பொறியாளர் அல்ல, நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். இருந்தாலும், கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதைப் பற்றிய வழக்கை எடைபோட முடியாது என்பதால், உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரின் பட்டறைக்குப் போனேன். நீங்கள் சொன்ன அதே வகை வசதிகள் கொண்ட கார் ஒன்று அங்கே நின்றது. வீட்டிலிருந்து கொண்டுபோன முருங்கைக்காய் ஒன்றை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியின் விளிம்பில் குறுக்காக வைத்துச் சுவிட்சை ஒரே இழுப்பு இழுத்துவிட்டேன். கண்ணாடி ஏறி, காயைத் தொட்டு ஒரு கணம் திணறி, உடனே கீழே இறங்கிவிட்டது. காயில் ஒரு கீறல் மட்டுமே. அதே காயைப் பின் கதவில் வைத்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து சுவிட்சை இழுத்துப் பிடித்தேன். நார் நசுங்கும் சத்தம் முன்சீட்டு வரை கேட்டது. எடுத்துப் பார்த்தபோது விதை வெளியே பிதுங்கியிருந்தது. விரலைச் சுவிட்சிலிருந்து எடுத்த பிறகும் கண்ணாடி காயை விடவில்லை. இருந்த இடத்திலேயே நின்று கடித்துக்கொண்டிருந்தது. உங்கள் மகளுக்கு நேர்ந்தது இதுதான்.

ஒரே காரின் இரண்டு கண்ணாடிகள் இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி ஒரு முறை சுவிட்சை இழுத்துவிட்டாலே முழுதும் ஏறிவிடும் வகை. நாம் விரலை எடுத்த பிறகும் அது தானாக நகர்வதால், இடையில் ஏதாவது சிக்கினால் தானே உணர்ந்து திரும்பியாக வேண்டும். அதற்காக மோட்டாரின் சுழற்சியை எண்ணும் உணர்வி ஒன்று அதில் இருக்கிறது. வழக்கமான வேகத்தில் சுற்ற வேண்டிய மோட்டார் திடீரென்று இழுபட்டால், தடை வந்துவிட்டது என்று புரிந்துகொண்டு கண்ணாடியை எதிர்த்திசையில் இறக்கிவிடும். கார்க்காரர்கள் ஆன்ட்டி-பின்ச் என்று சொல்வது இதைத்தான். பின் கண்ணாடி அப்படியல்ல. சுவிட்சைப் பிடித்திருக்கும்வரை ஏறும், விட்டால் நிற்கும். பிடித்திருக்கும் மனிதர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஏதாவது சிக்கினால் விரலை எடுத்துவிடுவார் என்பது அந்த அமைப்பின் பின்னால் உள்ள எண்ணம்.

அந்த எண்ணத்தில்தான் ஓட்டை இருக்கிறது. பின் கண்ணாடியின் சுவிட்ச் பின் கதவில் மட்டும் இருந்தால் அது பொருந்தும். ஓட்டுநரின் கதவிலும் அதே சுவிட்ச் இருக்கும்போது, விரல் ஓரிடத்திலும் கண் வேறிடத்திலும் இருக்கின்றன. மழையில் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், தனக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியின் மேல் விளிம்பை எப்படிப் பார்ப்பார்? உங்கள் கொழுந்தனாரின் பிழை எவ்வளவு, அமைப்பின் குறை எவ்வளவு என்று வீட்டில் நடக்கும் பேச்சில் இதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

வெளிநாட்டில் எல்லாக் கண்ணாடிக்கும் இது கட்டாயம், இங்கேதான் ஏமாற்றுகிறார்கள் என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கோபம் நியாயமானது, தகவல் சரியானதல்ல. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 21-ஆம் எண் விதி, விரலை எடுத்த பிறகும் தானாக ஏறும் கண்ணாடி போன்றவற்றுக்குத்தான் தானே திரும்பும் வசதியைக் கேட்கிறது. 4 மில்லிமீட்டர் முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியில் எது சிக்கினாலும் 100 நியூட்டனுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 10 கிலோ எடை அழுத்தும் அளவுக்கு மேல், அழுத்தம் போவதற்குள் கண்ணாடி திரும்பிவிட வேண்டும் என்பது அதன் அளவுகோல். பின் கண்ணாடிகளின் சுவிட்சுகளை ஓட்டுநர் தன் இடத்திலிருந்தே முடக்கி வைக்க வழி இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அமெரிக்காவில் குழந்தைகள் ஜன்னலில் சாய்ந்து, தங்கள் முழங்காலாலேயே சுவிட்சை அழுத்தி, ஏறும் கண்ணாடியில் கழுத்து சிக்கி இறந்த சம்பவங்களுக்குப் பிறகு, 2004-இல் சுவிட்சுகளுக்கான விதியை இறுக்கினார்கள். இழுத்தால் மட்டுமே கண்ணாடி ஏற வேண்டும் என்பதை 2005-இல் அந்நாட்டு நாடாளுமன்றமே சட்டமாக்கியது. ஆனால் எல்லாக் கண்ணாடிகளுக்கும் தானே திரும்பும் வசதியைக் கட்டாயமாக்கலாமா என்று ஆராய்ந்த அங்குள்ள சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், 2011-இல் வேண்டாம் என்று முடிவெடுத்தது. நம் நாட்டில் விற்பனையாகும் கார்களிலும் பெரும்பாலானவற்றில் ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டுமே அந்த வசதி தரப்படுகிறது. ஆகவே, 'பின் கண்ணாடியில் ஆன்ட்டி-பின்ச் இல்லை' என்ற ஒன்றை மட்டும் அடிப்படையாக வைத்து நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தால் அது வலுவாக நிற்காது. இதை வருத்தத்துடன்தான் சொல்கிறேன்.

அப்படியானால் வழக்கே இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது, வேறொரு இடத்தில் இருக்கிறது.

வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது

ஷோரூமில் உங்களிடம் சொல்லப்பட்டதில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளில் குறைபாடு என்றால் சட்டம் கேட்கும் தரம் இல்லாமல் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. விற்றவர் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ உரிமை கொண்டாடிய தரம் இல்லாமல் இருப்பதும் குறைபாடுதான் என்கிறது. அதே சட்டத்தின் ஆறாம் அத்தியாயம், 82 முதல் 87 வரையிலான பிரிவுகள், பொருளால் ஒருவருக்கு உடற்காயம் ஏற்பட்டால் தயாரிப்பாளரும் விற்பனையாளரும் எப்போது பொறுப்பேற்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்கின்றன. காயத்தோடு சேர்ந்த மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். கார் உங்கள் கணவர் பெயரில் இருந்தாலும், வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர் என்பதால், மகளுக்கு நேர்ந்த தீங்குக்காகப் பெற்றோர் வழக்காட முடியும்.

84-ஆம் பிரிவின்படி, சரியான பயன்பாட்டுக்கான அறிவுரையோ அபாய எச்சரிக்கையோ போதுமான அளவு தராத தயாரிப்பாளர் பொறுப்பாளி. 86-ஆம் பிரிவு விற்பனையாளருக்கானது. தயாரிப்பாளர் தராத ஓர் உறுதியை விற்பனையாளர் தன் வாயால் தந்து, பொருள் அந்த உறுதிப்படி இல்லாமல் தீங்கு நேர்ந்தால் அவர் பொறுப்பு. தயாரிப்பாளரின் எச்சரிக்கைகளை வாங்குபவரிடம் சேர்ப்பிக்காமல் விட்டாலும் பொறுப்பு. அந்த விற்பனைப் பையன் ஓட்டுநர் பக்க ஜன்னலில் தன் கையை வைத்துக் காட்டிவிட்டு, குழந்தைகள் உட்காரப்போகும் பின் ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதுதான் சரி என்று முடித்தது இந்தப் பிரிவுக்குள் வந்து நிற்கிறது என்பது என் கருத்து.

நீங்கள் அனுப்பிய பிரவுச்சர் படங்களைப் பார்த்தேன். பாதுகாப்பு வசதிகள் என்ற வண்ணப் பக்கத்தில் எந்த ஜன்னல் என்று குறிப்பிடாமல் 'ஆன்ட்டி-பின்ச் பவர் விண்டோ' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கடைசிப் பக்க அட்டவணையில், படிக்கக் கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், 'ஓட்டுநர் பக்கம்' என்று இருக்கிறது. எதிர்த்தரப்பு அந்த அட்டவணையைத்தான் முதலில் எடுத்து வைக்கும். பெரிய எழுத்தில் பொதுவாகச் சொல்லிவிட்டுச் சிறிய எழுத்தில் குறுக்கிக்கொள்வது தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரம் என்பது நம் பதிலாக இருக்கும். எந்தப் பக்கம் வெல்லும் என்று என்னால் இப்போதே உறுதி தர முடியாது. வாதிடத் தக்க வழக்கு என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

எதிர்த்தரப்பு எதையெல்லாம் சொல்லும்

ஏறுகிற கண்ணாடியில் கை வைத்தால் நசுங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த அபாயம் என்பார்கள். வெளிப்படையாகத் தெரிகிற அபாயத்தைப் பற்றி எச்சரிக்காததற்குத் தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்று 87-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 'தானாக இறங்கிவிடும்' என்று செய்து காட்டிய பிறகு அந்த அபாயத்தை யாரும் அஞ்சமாட்டார்கள் என்பதால், அந்த வாதத்துக்கு நம்மிடம் பதில் உண்டு.

அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று வரும். அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். குழந்தை சீட்டில் மண்டியிட்டிருந்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான இருக்கையாலோ பிணைக்காமல் காரை ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதத் தொகை சிறியது, ஆனால் குடும்பத்தின் கவனக்குறைவே காரணம் என்று காட்ட அந்தப் பிரிவைப் பயன்படுத்துவார்கள். வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் அதை ஏற்று இழப்பீட்டைக் குறைக்கவும் கூடும். இதை மறைத்து மனு எழுதச் சொல்லும் யாருடைய பேச்சையும் கேட்காதீர்கள். விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கும் மனுவுக்கும் ஒரு வரி முரண்பட்டாலும் முழு வழக்கும் சந்தேகத்துக்குள்ளாகிவிடும்.

மாமியார் உங்களைக் குறை சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. குழந்தையைப் பிணைத்து உட்கார வைத்திருந்தால் இது நடந்திருக்காது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு கணத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஏறுகிற கண்ணாடியை உங்கள் கையால் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது என்பதும் உண்மைதான்.

பேட்டரி மாற்றிய விஷயம்

இதில் உங்கள் சந்தேகம் பாதி சரி. பல கார்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால், கண்ணாடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கை அந்தக் கருவி மறந்துவிடும். கையேட்டில் சொல்லியிருக்கும் முறையில், பெரும்பாலும் கண்ணாடியை முழுக்க ஏற்றிச் சுவிட்சைச் சில விநாடிகள் பிடித்திருந்து, திரும்பவும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யும்வரை ஒரே இழுப்பில் ஏறும் வசதியும் இருக்காது, ஆன்ட்டி-பின்ச்சும் வேலை செய்யாமல் போகலாம். பேட்டரி மாற்றிய பிறகு ஓட்டுநர் பக்கக் கண்ணாடி ஒரே இழுப்பில் ஏறுவதில்லை என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதால், சர்வீஸ் சென்டர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டது என்றே தோன்றுகிறது. அது சேவைக் குறைபாடுதான். ஆனால் உங்கள் மகளின் விரல் சிக்கியது பின் கண்ணாடியில், அதில் அந்த வசதி முதலிலிருந்தே இல்லை. ஆகவே பேட்டரி மாற்றியதால்தான் காயம் என்று மனுவில் எழுதினால், எதிர்த்தரப்பு பொறியாளர் ஒருவரை வைத்து ஐந்து நிமிடத்தில் அதை உடைத்துவிடுவார், அந்த உடைப்பில் நல்ல வாதங்களும் அடிபட்டுப்போகும். பேட்டரி விஷயத்தைத் தனியாக வையுங்கள். காரைத் தொடர்ந்து ஓட்டுவதாக இருந்தால் ஓட்டுநர் பக்கத்தை உடனே சரிசெய்ய வேண்டியிருக்கும், அதற்கும் முன்னால் இப்போதைய நிலையைத் தேதி தெரியும்படி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்தனார் மீது வழக்கு வருமா

மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் பதிந்து காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது நடைமுறை. அது குற்றச்சாட்டு ஆகாது. எலும்பு முறிவு கொடுங்காயம் என்று, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா வகைப்படுத்துவதால் உங்களுக்கு அந்தப் பயம் வந்திருக்கலாம். ஆனால் அதன் 125-ஆம் பிரிவின் கீழ் ஒருவரைக் குற்றவாளியாக்க, உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளையும் அளவுக்கு முரட்டுத்தனமாகவோ அலட்சியமாகவோ நடந்துகொண்டார் என்று காட்ட வேண்டும். மழை வந்ததும் ஜன்னலை ஏற்றுவது எவரும் செய்யும் காரியம். காவலர் விசாரிக்க வந்தால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பயந்துகொண்டு, குழந்தை கீழே விழுந்துவிட்டாள் என்பதுபோல் எதையாவது மாற்றிச் சொன்னால், இல்லாத குற்றம் உண்டாகிவிடும், உங்கள் நுகர்வோர் வழக்கும் அன்றோடு முடிந்துவிடும்.

வெளியில் வாங்கிப் பொருத்துவது பற்றி

ஆக்சஸரீஸ் கடைகளில் கிடைக்கும் கருவியைப் பின் கதவுகளில் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பது என் திட்டவட்டமான பதில். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வாகனத்தை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. கம்பியை வெட்டி இணைத்தால் வாரண்டியை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைக்கும். பொருளை மாற்றியமைத்துவிட்டார்கள் என்ற ஒரு சொல்லே விற்பனையாளருக்கு 87-ஆம் பிரிவில் தப்பிக்கும் வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கருவி எவ்வளவு அழுத்தத்தில் திரும்பும் என்று யாரும் சோதித்துச் சான்று தந்திருக்கமாட்டார்கள். பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி ஏமாந்த வீட்டுக்கு, இன்னொரு பொய்யான நம்பிக்கையை விலை கொடுத்து வாங்கிவர வேண்டுமா?

உண்மையான ஆன்ட்டி-பின்ச்சுக்கே எல்லைகள் உண்டு. கண்ணாடி முழுதும் மூடுவதற்கு முந்திய கடைசி 4 மில்லிமீட்டரில் அது கணக்கில் வராது, ஏனென்றால் ரப்பர் பட்டையில் போய் அழுந்துவதையும் தடை என்று எண்ணிக் கண்ணாடி ஒருபோதும் மூடாமல் போய்விடும். ஆகவே குழந்தையின் முடியோ ரிப்பனோ பாவாடை ஓரமோ அதில் மாட்டலாம். சில கார்களில் சுவிட்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால், திரும்பும் வசதியை மீறிக்கொண்டு கண்ணாடி ஏறவும் செய்யும். ஷோரூம் பையன் செய்ததுபோல் கையை வைத்துச் சோதித்துப் பார்ப்பதை எந்தக் காரின் கையேடும் அனுமதிப்பதில்லை.

நீங்கள் சைல்ட் லாக் போட்டிருந்ததாகவும், அதனால் ஜன்னலும் பத்திரம் என்று நினைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் படித்தவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. சைல்ட் லாக் என்பது பின் கதவை உள்ளேயிருந்து திறக்க விடாமல் செய்வது. கண்ணாடிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கண்ணாடிக்கு உள்ளது, ஓட்டுநர் கதவில் சுவிட்சுகளோடு சேர்ந்து ஜன்னல் படத்தின் மேல் கோடு போட்டிருக்கும் தனிப் பொத்தான். அதை அழுத்திவிட்டால் பின் கதவுகளில் இருக்கும் சுவிட்சுகள் செத்துவிடும், குழந்தை தானாகக் கண்ணாடியை ஏற்றவோ இறக்கவோ முடியாது. ஆனால் பெரும்பாலான கார்களில் ஓட்டுநரின் சுவிட்ச் அப்போதும் வேலை செய்யும். அதாவது, அன்று அந்தப் பொத்தான் போட்டிருந்தாலும் இந்த விபத்து நடந்திருக்கும். கண்ணாடியை முன்கூட்டியே முழுதும் ஏற்றி வைத்து, அதன் பிறகு பொத்தானைப் போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். பின்சீட்டில் குழந்தை இருக்கும்வரை அப்படியே செய்யுங்கள்.

நான்கு கண்ணாடிகளையும் ஒன்றாக இழுக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் விட்டுவிட வேண்டும். பின் கண்ணாடியை ஏற்றும் முன் 'கை உள்ளே' என்று குரல் கொடுத்து, குழந்தையிடமிருந்து பதில் வந்த பிறகு, திரும்பிப் பார்த்து, ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். கார் நின்றிருக்கும்போது, எந்தச் சுவிட்ச் எந்த ஜன்னலுக்கு என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகுங்கள். அன்று உங்கள் கொழுந்தனாருக்கு அந்தப் பழக்கம் இருந்திருந்தால், எதிர்ப்பக்கக் கண்ணாடியை இறக்கிய நேரம் மிச்சமாகியிருக்கும். கை சிக்கிவிட்டால் குழந்தையின் கையை இழுக்கவே கூடாது, கண்ணாடியைத்தான் இறக்க வேண்டும். சாவியோடு குழந்தையைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்கு இறங்காதீர்கள். சில கார்களில் சாவியை அணைத்த பிறகும் முன் கதவைத் திறக்கும்வரை கண்ணாடிகள் ஓடிக்கொண்டிருக்கும். சாவியிலுள்ள பொத்தானைப் பிடித்திருந்தால் வெளியிலிருந்தே கண்ணாடி ஏறும் கார்களும் உண்டு.

இப்போது செய்ய வேண்டியவை

சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும் என்பதால் அவசரம் இல்லை, ஆனால் சாட்சியங்களுக்கு அவசரம் உண்டு. பிரவுச்சரின் மூலப் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள், நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இருப்பதை இன்றே படமெடுத்து வையுங்கள், நாளைக்கு அது மாறிவிடலாம். கார் முன்பதிவுப் படிவம், பில், கையேடு, பேட்டரி மாற்றிய ஜாப் கார்டு, விபத்துப் பதிவேட்டின் நகல், எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். விற்பனைப் பையனுடன் வாட்ஸ்அப்பில் பேசியவற்றை அழிக்காதீர்கள், அந்தக் கைப்பேசியையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் காட்ட, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை நாம் தயாரித்துக்கொள்ளலாம். 'ஒருமுறை பார்த்துத் தருகிறோம்' என்று ஷோரூமில் கேட்டாலும், நடுநிலையான பொறியாளர் ஒருவர் பார்த்து அறிக்கை தருவதற்கு முன் காரை அவர்களிடம் விடாதீர்கள்.

முதலில் நிறுவனத்துக்கும் ஷோரூமுக்கும் தனித்தனியே ஸ்பீட் போஸ்ட்டில் அறிவிப்பு அனுப்புவோம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்து வைத்தால் அதன் எண்ணும் ஒரு சான்றாகும். பதில் திருப்தியாக இல்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. காரின் விலை 5 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் இடையில் இருப்பதால் கட்டணம் 200 ரூபாய்தான். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அதற்கு மேல் ஆகும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். வழக்குக்குள் சமரசப் பேச்சு வந்தால் மறுக்காதீர்கள், ஆனால் தொகையோடு சேர்த்து, எந்த ஜன்னலுக்கு அந்த வசதி உண்டு என்பதைப் பிரவுச்சரின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையையும் வையுங்கள். பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். சிகிச்சைச் செலவும், உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகையும், வழக்குச் செலவும் கிடைத்தால் அதை நல்ல தீர்ப்பு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கடைசியாக ஒன்று. இந்த வழக்கில் மிக முக்கியமான சாட்சி உங்கள் கொழுந்தனார்தான். எந்தச் சுவிட்சுகளை எப்படிப் பிடித்தார், குழந்தை கத்தியதும் எதை இறக்கினார், ஷோரூமில் அன்று அவரும் கூட இருந்தாரா, இருந்திருந்தால் என்ன கேட்டார் என்பதை அவர் கைப்படவே எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போடட்டும். நாள் போகப்போக நினைவு மங்கும் என்பதால் இந்த வாரத்துக்குள் எழுதிவிடுவது நல்லது. அவர் மேல் பழி போட இது கேட்கப்படவில்லை, வழக்கு அவரை நம்பித்தான் இருக்கிறது என்று நீங்களே அவரிடம் போய்ச் சொல்லிக் கேளுங்கள். மாமியார் மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்.